ஆற்று மீனைத் தொட்டிக்குக் கொண்டுவரும் முன்

நாட்டு மீன்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். ஆற்றில் பிடித்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம், அதையே கண்ணாடித் தொட்டியில் விட்டுத் தீனி போட்டு வளர்த்தால் என்ன பாவம் என்பது ஒன்று. இயற்கையில் இருக்கும் எதையும் தொடவே கூடாது, கடைக்குப் போய்ப் பண்ணையில் பிறந்த மீனை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மற்றொன்று. முதல் பதிலில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இரண்டாவது பதிலோ, கடையில் வாங்கிய மீன் கடைசியில் எந்தத் தண்ணீரில் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. சமையலுக்கு வீசும் வலையும் அழகுக்கு வீசும் வலையும் வேறு வேறு கணக்கில் இயங்குகின்றன. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எதைப் பிடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். சட்டம் இதில் பாதியைத்தான் சொல்கிறது. மீதியை வளர்ப்பவரே தெரிந்துகொள்ள வேண்டும்.

அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் உயிரோடு விற்கும் மீன் அது, விலையும் அதிகம்தான். ஆனால் ஒரு கண்மாயில் அயிரை குறைந்துபோனால் பிடிப்பவருக்குக் கூலி கட்டாது. அவர் வேறு கண்மாய்க்குப் போவார், அல்லது வாங்குபவர் வேறு மீனுக்கு மாறுவார். மிஞ்சிய அயிரைகள் அடுத்த மழையில் பெருகும். உணவுக்கான மீன்பிடி பெரும்பாலும் எண்ணிக்கையை நம்பியது என்பதால், மீன் குறைந்தால் அதுவும் தளர்ந்துவிடுகிறது. தொட்டி மீனில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஊரில் யாரிடமும் இல்லாத மீனுக்குத்தான் இங்கே மதிப்பு. அரிதாக ஆக விலை ஏறுகிறது; விலை ஏற ஏற, கடைசி மடுவரை தேடிப்போவதும் கட்டுப்படியாகிறது. பிரெஞ்சுச் சூழலியலாளர் ஃப்ராங்க் கூர்ஷாமும் அவருடைய குழுவினரும் 2006இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: அரிதாக இருப்பதற்கே மனிதர்கள் விலை கொடுக்கத் தொடங்கினால், சாதாரணமாகத் தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய இனமும் அழிவை நோக்கித் தள்ளப்படும். ‘சாப்பிடுகிறோமே’ என்ற வாதத்தில் இருக்கும் ஓட்டை இதுதான். பிடிப்பது இரண்டிலும் ஒன்றுதான். எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே சான்று இருக்கிறது. மதராஸ் ராணுவ மருத்துவரும் மீனியல் அறிஞருமான ஃப்ரான்சிஸ் டே, முண்டக்கயத்தில் கிடைத்த ஒரு மீனை 1865இல் விவரித்து, அன்றைய மதராஸ் ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். கேரளத்தில் செங்கணியான், வணிகத்தில் ‘மிஸ் கேரளா’. வெள்ளி உடலில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு, அதன் மேல் முன்பாதியில் ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த மீனை வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1997இல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் பரிசு பெற்றதும் நிலைமை மாறியது. ஏற்றுமதி ஏறியது, சிற்றாறுகளின் பாறை மடுக்களில் கூட்டமாக நீந்தும் மீன் என்பதால், ஒரே வலைவீச்சில் கூட்டத்தையே அள்ள முடிந்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2005க்கும் 2012க்கும் இடையில், ஆபத்துப் பட்டியலில் இருக்கும் 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்தியாவிலிருந்து வண்ண மீன் சந்தைக்குப் போயின என்று கேரள ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் பெரும்பங்கு இந்தச் செங்கோட்டு மீன்களுக்கும், விரல் நுனி அளவே உள்ள குட்டிப் பேத்தை மீனுக்கும், வரிக்குதிரை அயிரை என்று விற்கப்படும் மகாராஷ்டிர மீனுக்கும் உரியது.

அரசு சும்மா இருக்கவில்லை. கேரளம் 2008இல் செங்கணியானைப் பிடிக்கவும் ஏற்றுமதி செய்யவும் கட்டுப்பாடு விதித்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றது. மழைக்காலத்தில் மீன் முட்டையிடும் என்ற பொது நம்பிக்கையை வைத்துப் போட்ட விதி. ஆனால் இந்த மீன் இனம்பெருக்குவது அக்டோபர் தொடங்கி மார்ச் வரை என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. ஆக, சினை மீன்கள் ஆற்றில் இருந்த மாதங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வலை தாராளமாக விழுந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாலக்குடி ஆற்றுச் செங்கோட்டு மீன் தனி இனம் என்று 1999இலேயே பிரித்து விவரிக்கப்பட்டுவிட்டது. வணிகத்தில் இரண்டும் ஒரே பெயரில்தான் போயின. எந்த இனம், எந்த ஆறு, எந்தப் பருவம் என்பது தெரியாமல் போடும் விதி, நல்ல நோக்கத்தோடு போட்டாலும் மீனைக் காப்பாற்றாது. தனி மனிதர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் விதிக்கும் இது பொருந்தும். ‘நான் கொஞ்சம்தான் எடுப்பேன்’ என்பது எதில் கொஞ்சம் என்று தெரியாதவரை வெறும் சொல்.

இனி சட்டம். இந்தியாவில் இதற்கென்று ஒரே சட்டம் கிடையாது. நான்கைந்து சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதலாவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நெடுங்காலம் இதன் அட்டவணைகளில் மீன் என்றால் பெரும்பாலும் கடல் மீன்தான்: திமிங்கலச் சுறா, சில சுறாக்கள், திருக்கைகள், 2001இல் சேர்ந்த கடற்குதிரைக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் குழல்மீன்களும் அடக்கம் என்பதைக் கழிமுகங்களில் கைவலை போடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பாசிக்குள் குச்சிபோல் கிடக்கும் அந்த மீனைக் கவனிக்காமல் அள்ளிவிடுவது எளிது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறைக்கு வந்தன. விலங்குகளுக்கு இப்போது இரண்டு அட்டவணைகள். நன்னீர் மீன்களும் அவற்றுக்குள் வந்துவிட்டன. முதல் அட்டவணை உயிரினத்தைப் பிடித்தால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுவரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். கொல்லவில்லையே என்பது வாதமாகாது. பழைய புத்தகத்தையோ பழைய பட்டியலையோ நம்பாமல், செங்கணியான் உட்பட நீங்கள் தேடும் மீன் எதுவானாலும் அதன் அறிவியல் பெயரை இப்போதைய அட்டவணையில் தேடிப் பாருங்கள். பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பேரினப் பெயரிலும் தேட வேண்டும்.

அட்டவணையில் இல்லாத மீனை எங்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சரணாலயத்துக்குள்ளிருந்து எந்த வன உயிரையும் அனுமதியின்றி எடுத்துவரக் கூடாது என்று இதே சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே அட்டவணை கணக்கில்லை. ஓடையில் கிடக்கும் உளுவையும் பாசியும்கூட அதில் அடங்கும். தேசியப் பூங்காவுக்கும் இதே கதைதான். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி என்றால் தண்டனை இன்னும் கடுமை. காப்புக்காடுகளில் மீன்பிடிப்பதை வனச் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அழகான ஓடைகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றுக்குள் வந்துவிடும். எனவே நடைமுறையில், மலை ஓடையில் கைவலையோடு இறங்குபவர் முதலில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது.

சமவெளிக்கு வந்தால் வேறு வகை உரிமைகள் குறுக்கே வரும். ஏரி, கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை என்று ஒன்று உண்டு. ஏலம் எடுத்தவருக்கே அந்த நீரின் மீன் சொந்தம். நாலு கெண்டைக் குஞ்சு என்றாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். குத்தகைக்காரருக்கு வேண்டியது கட்லாவும் ரோகுவும்தான். அறுவடை முடிந்து நீர் வற்றும் நாட்களில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள் நடத்தும் மீன்பிடித் திருவிழாக்களில் ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். அங்கே ஊர்க் கட்டுப்பாடுதான் சட்டம். வெள்ளைக்கொடி வீசிய பிறகுதான் இறங்கலாம் என்றால் வீசிய பிறகுதான். எந்த நீரானாலும் வெடியோ விஷமோ போட்டுப் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். இதைத் தொட்டிக்கு மீன் வாங்குபவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: விஷத்தில் மயங்கிய மீன் கடைத் தொட்டியில் நன்றாகவே நீந்தும், எப்படிப் பிடிபட்டது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிடித்ததை விற்கத் தொடங்கினால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் நுழைகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு மாநில உயிரியல் பன்மை வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிடித்த மீனை நடத்தும் விதத்துக்கு 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். மனிதரல்லாத எந்த உயிரும் அதில் விலங்குதான். இலங்கையில் இருக்கும் வாசகர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் திருத்தங்கள் தீவுக்கே உரிய மீன்கள் பலவற்றைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கின்றன. மீன்வளச் சட்டம் ஏற்றுமதிக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

சட்டத்தைக் கடைப்பிடிக்கவே முதலில் மீனின் பெயர் தெரிய வேண்டும். அதுதான் நினைப்பதைவிடக் கடினம். தாமிரபரணியில் நீளத் தூவிக் கெண்டைகள் இரண்டு இனம் உண்டு. ஒன்று கேரளம், கர்நாடகம், தமிழகம் என்று பரவலாகக் கிடைக்கும் டாக்கின்சியா ஃபிலமென்டோசா. கவலைப்பட வேண்டாத இனம் என்பது செம்பட்டியலின் மதிப்பீடு. மற்றது, ஈ. ஜி. சைலஸ் 1954இல் விவரித்த டாக்கின்சியா தம்பிரபர்னி; இந்த ஆற்றுப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை, அழியும் ஆபத்தில் உள்ள இனம். வளர்ந்த பிறகு பிரித்துவிடலாம். முதலாவதற்கு உடலில் வாலுக்கு அருகே ஒரு கரும்பொட்டுதான் மிஞ்சும். வாலின் நுனிகளில் சிவப்பும் கறுப்பும் தெளிவாகத் தெரியும். மற்றதற்குப் பக்கவாட்டில் நீளவாட்டக் கருந்திட்டுகள் பெரிதான பிறகும் தங்கிவிடும். ஆனால் தொட்டிக்கு எடுக்கத் தோதான விரற்கடை அளவில் இரண்டும் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை போட்ட குஞ்சுகள்தான். வாளியில் குனிந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அந்த வாளியில் எட்டுக் குஞ்சு இருந்தால் அவற்றில் எத்தனை உலகின் ஒரே ஓர் ஆற்றுக்கு உரியவை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே முதல் விதி: குஞ்சுப் பருவத்தில் பெயர் சொல்ல முடியாத மீனை, அதையொத்த அரிய இனம் வாழும் ஆற்றில் எடுக்காதீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பதன் சுமை மீன்மேல் விழக் கூடாது. பிடிப்பவர்மேல்தான் விழ வேண்டும்.

இங்கே வழக்கமாக வரும் ஆட்சேபம் ஒன்று நியாயமானது. ஆற்றைக் கெடுப்பது அணைகளும் மணல் அள்ளுவதும் சாயக்கழிவும். நாலு மீன் எடுப்பவரைப் போய் மிரட்டுகிறீர்களே என்பது. உண்மைதான், நம் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் எதிரி வாழிடச் சீரழிவு. தொட்டி ஆர்வலரை முதல் குற்றவாளியாக நிறுத்துவது சோம்பேறித்தனமான பிரசாரம். ஆனால் அந்த உண்மையிலிருந்து எதிர்த் தரப்பு எடுக்கும் முடிவு தவறு. அணை கட்டி, மணல் எடுத்து, ஓர் இனம் ஐந்து மடுக்களுக்குள் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். பரந்த ஆற்றில் இருநூறு மீன் எடுப்பதும், மிஞ்சிய ஐந்து மடுவில் இருநூறு எடுப்பதும் ஒன்றல்ல. மற்றக் காரணங்களால் ஓர் இனம் நலிந்திருக்கிறது என்பது அதைப் பிடிக்காமலிருக்க இன்னொரு காரணமே தவிர, பிடிப்பதற்குச் சலுகை அல்ல. பரவலாகப் பெருகியிருக்கும் மீன் என்றால் இந்த ஆட்சேபம் முழுமையாகச் செல்லுபடியாகும்; அங்கே தனிநபர் கைவலை ஆற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பிரேசிலிலிருந்து வருகிறது. அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவின் கரையில் பார்செலோஸ் என்ற ஊர் கார்டினல் டெட்ரா மீனை நம்பியே நீண்டகாலம் பிழைத்தது. 1989இல் தொடங்கிய ‘பியாபா திட்டம்’ அந்த மீன்பிடியை ஆராய்ந்து, காட்டில் மீன் பிடிக்கும் தொழில் இருப்பதால்தான் மக்கள் காட்டை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று வாதிட்டது. ஒரு மீன் வாங்கினால் ஒரு மரம் பிழைக்கும் என்பது அவர்களுடைய முழக்கம். மீன் பண்ணைகளுக்கு மாறியபோது அந்த ஊரின் வருமானம்தான் அடிபட்டது, காட்டுக்கு நன்மை எதுவும் வரவில்லை என்பதும் அவர்கள் வாதம். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மீனின் வாழ்க்கையைப் பாருங்கள்: குறுகிய ஆயுள், வேகமான பெருக்கம், கடல்போல விரியும் வெள்ளக்காடு, நீர் வடியும்போது ஆண்டுதோறும் குட்டைகளில் சிக்கிச் சாகும் பெருங்கூட்டம். பிடிக்காவிட்டாலும் பெரும்பகுதி அந்த ஆண்டைத் தாண்டாது. செங்கணியானுக்கோ தம்பிரபர்னிக் கெண்டைக்கோ இதில் ஒன்றும் பொருந்தாது. பரப்பும் குறுகியது, பெருக்கமும் மெதுவானது. பார்செலோஸ் கற்றுத் தருவது ‘காட்டு மீனை வாங்கு’ என்ற பொது விதியை அல்ல. எந்த மீன் எந்த அளவு இழப்பைத் தாங்கும் என்று பார்க்கச் சொல்கிறது. அந்த அளவுகோலை வைத்தால் நம் ஊரில் தேறுபவை மலை மீன்கள் அல்ல, கண்மாய் மீன்கள். பிழைப்பு என்று வரும்போதும், கேரளத்தின் சிற்றாறுகளில் பிடித்த பழங்குடியினருக்குப் போன பங்கு மிகச் சிறிது. லாபம் ஏற்றுமதியாளரிடம் நின்றது.

‘ஆறு அழிந்தாலும் இனம் என் தொட்டியில் பிழைக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். இந்த ஆசையை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. இலங்கையின் கறுப்பு ரூபி கெண்டையும் செர்ரி கெண்டையும் உலகெங்கும் பண்ணைகளில் லட்சக்கணக்கில் பிறக்கின்றன; அதனால் ஓடைகள்மேல் விழும் வலை குறைந்தது உண்மை. செங்கணியானைப் பண்ணையில் பெருக்கும் முறையும் இப்போது இருக்கிறது. ஆனால் சந்தைக்கு மீன் பெருக்குவதும் இனத்தைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். காப்பதற்கு எத்தனை பெற்றோர், எந்த ஓடையின் மரபு, எத்தனை தலைமுறை என்ற பதிவேடு வேண்டும். கண்ணுக்கு அழகானதைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கும் கட்டுப்பாடும் வேண்டும். கேகாலை மாவட்டம் கலபிட்டமடையில் ஒரே ஓடைத் துண்டில் மட்டும் வாழ்ந்த பண்டுல கெண்டையைக் காக்க அரசுத் துறைகளும் ஆய்வாளர்களும் ஊர் மக்களும் சேர்ந்துதான் இறங்கினார்கள். வயல்வெளியில் பூச்சிமருந்து தெளிக்கும் விவசாயியின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்த மீன் தப்பியிருக்காது. பூட்டிய வரவேற்பறையில் இருக்கும் ஆறு மீன், எவ்வளவு அன்போடு வளர்த்தாலும், அந்த இனத்தின் காப்பீடு ஆகாது. இனப்பெருக்கம் செய்ய விருப்பமிருந்தால் பண்ணையில் பிறந்த மீனோடு தொடங்குங்கள். அதன் குஞ்சுகளைச் சக வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்தால், அத்தனை பேருடைய வலையும் ஆற்றில் விழாது.

அப்படியானால் ஆற்றில், கண்மாயில் பிடிக்கத் தகுந்தது எது? பரவலாகக் கிடைப்பது, பெயர் உறுதியாகத் தெரிந்தது, உங்கள் தொட்டியின் வெப்பத்தைத் தாங்குவது, முழு வளர்ச்சியிலும் தொட்டிக்குள் அடங்குவது. கடைசி இரண்டும் ஒழுக்கத்தோடு தொடர்பில்லாத நடைமுறைச் செய்திகள் என்று தோன்றலாம். அப்படி அல்ல. லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் 2003இல் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் செலுத்திப் பார்த்தபோது, அவை தீனியை விட்டன, உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மீனுக்கு வலி என்பது நம்முடையதைப் போன்றதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வதைபடும் மீன் வதைபடுகிறது என்று எடுத்துக்கொண்டு நடப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மலை ஓடை மீன் குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த ஓட்டத்துக்குப் பழகியது. மே மாதச் சென்னையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்த நீரில் ஆக்ஸிஜனும் குறைவு. ஃபில்டர் நீர் கொட்டும் இடத்தில் செவுள் படபடக்க ஒட்டிக்கொண்டு நிற்கும் மீன் அங்கே விளையாடிக்கொண்டிருக்கவில்லை. குளிர்விக்கும் கருவி வாங்க வசதியில்லையென்றால், சட்டப்படி கிடைத்தாலும் அந்த மீன் உங்களுக்கு உரியதல்ல.

முழு வளர்ச்சிக்கு உதாரணம் விரால். மழைக்குப் பின் வாய்க்கால் ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று நீர் மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டே நகரும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். ஒரு வீச்சில் மொத்தத்தையும் அள்ளிவிடலாம். கண்ணாடி ஜாடியில் நெருப்புத் துண்டுகள்போல மின்னும். சில வாரங்களில் அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், பிறகு ஒன்றையொன்று தின்னத் தொடங்கும், மிஞ்சியது இரண்டடி நீளத்துக்கு வளரும். அள்ளியவர்களில் பெரும்பாலோர் பாதி வழியிலேயே கைகழுவிவிடுகிறார்கள். இதற்கு மாறாக, அயிரையும், நெற்றியில் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்ப்பரப்பிலேயே திரியும் கொசுப்புழு தின்னும் சிறுமீனும், வயல் வாய்க்காலின் சிறு கெண்டைகளும் இரண்டடித் தொட்டியில் ஆயுள் முழுதும் இருக்கக்கூடியவை. இவற்றுக்குக் கடையில் மதிப்பில்லை என்பதே இவற்றைத் தேர்ந்தெடுக்கச் சரியான காரணம்.

பிடிக்கும் பருவமும் முக்கியம். புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் ஏத்துமீனைத் தொடாதீர்கள். அவை சினையோடு ஏறுபவை. தை கழிந்து கண்மாய் வற்றும்போது, கோடை தாண்டாத குட்டைகளில் அடைபட்ட குஞ்சுகளே தகுந்தவை. ஒரே அளவில் ஆறோ எட்டோ எடுங்கள். கூட்டமாக வாழும் கெண்டையை ஒன்றிரண்டாக எடுப்பது இரக்கம் அல்ல, ஒற்றை மீன் தொட்டி மூலையில் ஒடுங்கியே கிடக்கும். பைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வெயில் ஏறும் முன் வீடு சேருங்கள். புது மீனை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து, உடலில் நூல்போல ஒட்டியிருக்கும் நங்கூரப் புழுவும் புண்ணும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற மீன்களோடு சேருங்கள். எங்கே, எப்போது, யாரிடம் அனுமதி பெற்று எடுத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது வழக்கமாகட்டும். அதிகாரி கேட்டாலும் உதவும், சக வளர்ப்பாளருக்குக் கொடுக்கும்போதும் உதவும்.

பண்ணை மீனை வாங்கினால் போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல். கொளத்தூர்க் கடைகளில் தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று குட்டியாக விற்கும் முள்கவச மீன், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இன்று நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. சாப்பிடவும் ஆள் இல்லை. அது யார் வலையிலும் தானாகப் பிறக்கவில்லை. பெரிதாகிவிட்டதே என்று யாரோ கொண்டுபோய் விட்டவை. 2018 கேரள வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரபைமாவைச் சாலக்குடி ஆற்றில் பிடித்தார்கள். வெளிநாட்டுப் பண்ணை மீன் ஆற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்பது சரி. ஆற்றில் எதைச் சேர்க்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில், உள்ளூர்க் கண்மாயின் சாதாரண மீனை முறைப்படி எடுத்து வளர்ப்பவர் குறைந்த ஆபத்தையே உண்டாக்குகிறார்.

குறைந்த ஆபத்து என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. வளர்த்து அலுத்த நாட்டு மீனைப் பிடித்த இடத்திலேயே திருப்பி விடுவது நல்ல காரியம் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள்; இந்தப் பொழுதுபோக்கில் செய்யக்கூடிய பெரிய தவறு அதுதான். புனே அருகே லோனாவாலா பொரிப்பகத்தில் நல்லெண்ணத்தோடு பெருக்கிய நீலத்துடுப்பு மஹசீர் காவிரியில் விடப்பட்டது. அதுவும் இந்திய மீன்தான், மஹசீர்தான். ஆனால் அது பெருகப் பெருக, காவிரிக்கே உரிய திமில் மஹசீர் சரிந்தது; 2018இல் அது மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. நோய் இன்னொரு வழி. 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோய் என்னும் பூஞ்சை போன்ற தொற்று, விராலையும் சிறு கெண்டைகளையும் நாடு முழுக்க அழித்தது. அதன் வித்துகள் தண்ணீரோடு பயணம் செய்பவை. உங்கள் தொட்டியில் வெளிநாட்டு மீன் ஒன்று ஒரு வாரம் இருந்திருந்தாலும் போதும், உங்கள் நாட்டு மீன் சுத்தமானது என்று யாரும் சொல்ல முடியாது. வளர்க்க முடியாமல் போனால் இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள், பள்ளித் தொட்டிக்குக் கொடுங்கள், கடைக்காரர் எடுத்துக்கொண்டால் சும்மா கொடுங்கள். யாருமே இல்லையென்றால், கிராம்பு எண்ணெயைச் சிறிது வெந்நீரில் குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் பாத்திரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து மயக்கி, செவுள் அசைவு நின்ற பின்னும் நெடுநேரம் அப்படியே விட்டு முடித்துவிடுங்கள். தொட்டித் தண்ணீரைக்கூட வாய்க்காலில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள். பிடித்த ஆறே ஆனாலும் திரும்ப விடாதீர்கள்.